வள்ளியாய் நின்றவர் ஔவையாய் நின்றார்

கொல்லி என்னும் பெயர் தமிழில் ஒரு மலைக்கும் உண்டு. ஒரு பண்ணுக்கும் உண்டு. திருவதிகையில் சூலை நோயால் வருந்திய அப்பர் பெருமான் முதன்முதலாகப் பாடியருளிய பதிகம் கொல்லிப் பண்ணில் அமைந்தது. மலையின் பெயரே பண்ணுக்கு வந்ததா, இரண்டும் தற்செயலாக ஒத்தனவா என்பதைப் புலவர்கள் ஆராயட்டும். கொல்லிமலையில் ஓர் இரவு தங்கியவர்க்கு அவ்வாராய்ச்சி தேவைப்படாது. அறப்பளீசுவரர் திருக்கோயிலின் அருகே ஓடும் ஐயாற்றின் சலசலப்பு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளுக்குக் கீழே ஆகாய கங்கையாய் வீழும் அந்த நீரின் முழக்கம், பலாமரங்களுக்கிடையே புகுந்து வரும் காற்று என்று அம்மலையில் எப்பொழுதும் ஏதேனும் ஒன்று பாடிக்கொண்டே இருக்கிறது.

நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே செல்லும் அடியார்கள் பெரும்பாலும் அறப்பளீசுவரரையும் எட்டுக்கை அம்மனையும் தரிசித்துவிட்டு அன்றே இறங்கிவிடுகின்றனர். சற்று நின்று, சாலையின் இருமருங்கிலும் உள்ள சரிவுகளைப் பார்ப்பவர்க்கு மற்றொரு தரிசனமும் கிட்டும். தினை, சாமை, கேழ்வரகு ஆகிய சிறுதானியங்கள் தமிழகத்தில் இன்னும் மலைச்சரிவில் விளையும் இடங்களுள் கொல்லிமலை ஒன்று. தினைக்கதிர் முற்றித் தலைசாயும் பருவத்தில் கிளிகள் கூட்டமாக வந்து இறங்கும். காட்டுப்பன்றி இரவில் வரும். பகலில் பறவைகளை ஓட்டும் காவல் பெண்களுக்கும், இரவில் விலங்குகளை விரட்டும் காவல் ஆண்களுக்கும் உரியது என்பது சங்க காலத்திலிருந்தே மலைநாட்டு வழக்கம். பெண்கள் பரண்மீது நின்று கிளிகடிய எடுத்த கருவிகளுக்குத் தழல், தட்டை, குளிர் என்று பெயர் சொல்கிறது கபிலரின் குறிஞ்சிப்பாட்டு.

அந்தப் பரணையும் அந்தக் கிளியையும் அந்தக் காவற்பெண்ணையும் சொன்னவுடன் வள்ளி நாயகியின் திருவுருவம் நெஞ்சில் எழாத தமிழர் இரார். வள்ளி வளர்ந்த மலை எது என்று கேட்டால் வடக்கே மேல்பாடிக்கு அருகிலுள்ள வள்ளிமலையைக் காட்டுவர். திருமணம் நிகழ்ந்த தலம் திருத்தணிகை என்பர். குமரிப் பக்கத்து அடியார்கள் வேளிமலையைச் சொல்வர். ஈழத்தார் கதிர்காமத்தைச் சொல்வர். கொல்லிமலையின் அடிவாரத்திலும் பேளுக்குறிச்சியில் முருகப் பெருமான் வேடுவக் கோலத்தில், கையில் சேவலோடு பழனியப்பராய் எழுந்தருளியிருக்கிறான். அருணகிரிநாதரும் கொல்லிமலையைத் திருப்புகழில் பாடியிருக்கிறார். ஆக, வள்ளி எம்மலையில் பிறந்திருந்தாலும், அவள் காத்த தினைப்புனம் எப்படி இருந்திருக்கும் என்பதைக் கண்ணால் காண விரும்புபவர் கொல்லிமலைக்கு வரலாம். (இப்போது அங்கும் தினை குறைந்துவிட்டது, சமவெளியின் சவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவிவிட்டது. வள்ளி இருந்த புனத்தில் மரவள்ளி!)

கச்சியப்ப சிவாசாரியர் அருளிய கந்தபுராணத்தின் நிறைவுப் படலம் வள்ளியம்மை திருமணப் படலம். சூரபதுமனை வென்ற பேரரசனாகிய முருகன், காவியம் முடியும் இடத்தில் ஒரு குறமகளின் முன்னே வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் மாறி மாறி நிற்கிறான், தேனும் தினைமாவும் கேட்கிறான், தாகம் என்கிறான், விக்கல் என்கிறான். காரியம் கைகூடாமற்போகவே அண்ணனை அழைக்கிறான். யானையாய் வந்த விநாயகப் பெருமானைக் கண்டு அஞ்சிய வள்ளி, கிழவனிடம் அடைக்கலம் புகுகிறாள். இச்சா சக்தி, கிரியா சக்தி என்று சித்தாந்தம் சொல்லும் பொருள் மேலே நிற்க, கேட்பவர் உள்ளத்தில் முதலில் தைப்பது இவ்வளவுதான்: இறைவன் ஓர் எளிய பெண்ணின் சம்மதத்திற்காக இவ்வளவு பாடுபட்டான்.

இந்தக் கதையை இசை நாடகமாக்கித் தமிழ் மக்களின் சொத்தாக்கியவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867ஆம் ஆண்டு தூத்துக்குடிச் சீமையில் தோன்றிய சுவாமிகள், தொடக்கத்தில் எமன், சனீசுவரன் முதலிய வேடங்களில் கண்டோர் நடுங்க நடித்தவர். அவ்வேடத்தின் கடுமையைக் கண்டு ஒரு கருவுற்ற பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்ததென்றும், அதன்பின் வேடம் புனைவதை விட்டு ஆசிரியராகவே அமைந்தார் என்றும் கூறுவர். துறவிபோல் வாழ்ந்து, சிறுவர்களைத் திரட்டி, பாட்டும் வசனமும் தாமே எழுதிப் பயிற்றுவித்தார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் நிறுவினார். இறுதியில் வாத நோயால் கைகாலும் நாவும் முடங்கி, 1922இல் புதுச்சேரியில் இறைவனடி சேர்ந்தார். அவர் எழுதிய பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலிய பல நாடகங்களுள் இன்றளவும் ஊர்த் திருவிழாக்களில் மிகுதியாக நடிக்கப்படுவது வள்ளி திருமணமே.

சுவாமிகளின் பாடம் எத்தகையது என்பதற்கு ஒன்று சொன்னால் போதும். 'ஸ்பெஷல் நாடகம்' என்று வழங்கும் முறையில், வள்ளியாக நடிப்பவர் ஓர் ஊரிலிருந்தும், வேலனாக நடிப்பவர் வேறோர் ஊரிலிருந்தும், நாரதர் மூன்றாம் ஊரிலிருந்தும் அன்று மாலைதான் வந்து சேர்வர். ஒத்திகை கிடையாது. சில வேளைகளில் முன்பின் அறிமுகமும் கிடையாது. ஆர்மோனியக்காரர் சுருதி கூட்டியதும், எல்லாருக்கும் பொதுவாய் மனத்தில் இருக்கும் சுவாமிகளின் பாடத்தைப் பற்றிக்கொண்டு, இரவு பத்து மணிக்குத் தொடங்கிய நாடகத்தை விடியலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவர். நடுவே நாரதருக்கும் வள்ளிக்கும் நிகழும் தர்க்கம் மட்டும் ஏட்டில் அடங்காதது. இல்லறமா துறவறமா, ஆணா பெண்ணா, புராணமா நடைமுறையா என்று அன்றிரவு இருவருக்கும் தோன்றுவதெல்லாம் அதில் வரும். நாடகம் முடிந்து வீடு திரும்பும் கணவனும் மனைவியும் வழியெல்லாம் அத்தர்க்கத்தைத் தொடர்வது அந்நாளில் எல்லா ஊரிலும் காணக்கூடிய காட்சி. அவர் நாரதர் கட்சி, அவள் வள்ளி கட்சி. தோளில் உறங்கும் குழந்தைக்குத்தான் எக்கட்சியும் இல்லை.

மேடையில் நின்றவர்களுக்கோ அது வெறும் தொழிலாக இருக்கவில்லை. தேசபக்தப் பாடல்களை வள்ளி திருமணத்தின் நடுவே பாடிப் பலமுறை சிறை சென்ற தியாகி விசுவநாததாஸ், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் அந்நாடகத்தில் முருகனாக மயில் வாகனத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தார். மயில்மீது அமர்ந்த கோலத்தில் போன உயிர் அது.

அத்தகைய நாடகத்தைத் தங்கள் வாழ்வாகவே கொண்ட ஒரு தம்பதியரை முதியோர் பலரும் அறிவர். இசைத்தட்டுகளிலும் பெற்றோர் சொன்ன கதைகளிலும் அவர்களைக் கேட்டே வளர்ந்த தலைமுறை இது. கணவர் செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா. மனைவி கொடுமுடியில் 1908இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாள்.

கொடுமுடி கொல்லிமலைக்கு மேற்கே உள்ளது. மலையிறங்கி நாமக்கல்லைக் கடந்து காவிரியை அடைந்து, கரையோடு மேலேறினால் மகுடேசுவரர் திருக்கோயில் கோபுரம் தெரியும். மூவர் பாடல் பெற்ற தலம். அங்கே வறுமைக்கிடையே தாய் பாலாம்பாள் வளர்த்த சிறுமி, புகைவண்டியில் பாடிக்கொண்டு சென்றபோது, ரயில்வே அலுவலரும் நாடக அன்பருமான எஃப். ஜி. நடேச ஐயரின் செவியில் அக்குரல் விழுந்தது என்பர். வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்ந்த சிறுமி, பாலர் வேடங்களில் தொடங்கி, சில ஆண்டுகளில் இலங்கை வரை புகழ் பெற்ற நடிகையானார்.

கிட்டப்பாவின் வழி வேறு. அவரும் அவர் சகோதரர்களும் சிறுவயதிலேயே நாடகத்தில் புகுந்தவர்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் சபையில் பயின்று, பின்னர் கன்னையாவின் குழுவில் தசாவதார நாடகத்தால் பெரும்பெயர் பெற்றார். ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் மண்தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் சிதையாமல் கேட்க வேண்டும். கிட்டப்பாவின் குரல் சங்கீத வித்துவான்களும் நாடகக் கொட்டகைக்கு வந்து கேட்கும் தரத்தில் இருந்தது. மேல் சுருதியில் நின்று, அங்கிருந்தே இன்னும் மேலே எட்டும். தினைப்புனத்தில் தனித்து நிற்கும் வள்ளியைக் கண்டு வேலன் வினவுவதாக அமைந்த அவருடைய பாடல் இசைத்தட்டில் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. தேய்ந்த தட்டின் இரைச்சலைக் கடந்து அந்தக் குரல் எழும்போது, கேட்பவர் தம்மையறியாமல் நிமிர்ந்து உட்காருகின்றனர்.

இருவரும் மேடையில் இணைந்தது இலங்கையில், 1926ஆம் ஆண்டளவில். அம்மையார் அங்கே ஏற்கெனவே நிலைபெற்ற பாடகி. கிட்டப்பா தமிழகத்தையே ஆண்டவர். அவரோடு பாடினால் இவள் குரல் எடுபடுமா என்று ஐயுற்றவர்கள் இருந்தனர் என்பர். மேடையேறியபின் அந்த ஐயம் தீர்ந்தது. வள்ளி திருமணத்தில் அவர் வேலன், இவர் வள்ளி. ஒருவர் பாடி நிறுத்திய இடத்திலிருந்து மற்றவர் எடுக்க, போட்டி எது, இசைவு எது என்று பிரித்தறிய முடியாதபடி நாடகம் சென்றது. கதிர்காமம் இருக்கும் தீவு அது. வள்ளியம்மைக்குத் தனிக்கோயில் இருக்க, விழாக்காலத்தில் கதிர்காமக் கந்தன் யானைமீது அக்கோயிலுக்கு எழுந்தருளும் வழக்கம் இன்றும் நடைபெறும் தீவு. வேலன் வள்ளியைத் தேடி வந்ததாக மக்கள் நம்பும் மண்ணிலேயே இவ்விருவரும் முதலில் சேர்ந்து பாடினர் என்பதை முருகனடியார்கள் தற்செயல் என்று எண்ண மாட்டார்கள்.

1927இல் இருவரும் இல்லறத்தில் இணைந்தனர்; சேர்ந்து நாடகங்கள் நடத்தினர். ஊர் ஊராய்க் கூட்டம் திரண்டது. நாடகத்தின் பெயரைக் காட்டிலும் 'கிட்டப்பா - சுந்தராம்பாள்' என்ற இணைப்பெயரே விளம்பரமாகப் போதுமானதாயிற்று.

அவ்வில்லறம் முழுவதும் இனிமையாகவே இருந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். கிட்டப்பாவுக்கு முன்பே மணமாகியிருந்தது. குல வேறுபாடும், புகழும், சுற்றத்தாரின் சொல்லும், இரு வீடுகளுக்கிடையே நின்ற ஒரு மனிதரின் தடுமாற்றமும் அவர்களிடையே புகுந்தன. பிறந்த மகவும் நிலைக்கவில்லை. பிரிவும் நேர்ந்தது. அக்காலத்தில் அம்மையார் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சாயின. ஏக்கமும் கோபமும் பணிவும் ஒரே தாளில் மாறி மாறி வரும் கடிதங்கள் அவை. இத்தனைக்கும் நடுவே மேடையில் நிற்கும்போது சுருதி பிசகவில்லை என்பதே வியப்பு. வாழ்வில் தீராத வழக்கை ஒவ்வோர் இரவும் தினைப்புனத்தில் பாடித் தீர்த்துக்கொண்டனர் போலும். முதிய தம்பதியர்க்கு இது புரியாததன்று. நாள் முழுவதும் பேசாதிருந்துவிட்டு, மாலையில் வானொலியில் விருப்பமான பாட்டு வந்ததும் இருவரும் ஒரே இடத்தில் தலையசைக்கும் வீடுகள் எத்தனையோ.

1933 டிசம்பர் 2ஆம் நாள், உடல்நலம் குன்றியிருந்த கிட்டப்பா காலமானார். அப்போது அவருக்கு வயது 27, அம்மையாருக்கு 25. இல்லறம் நீடித்தது ஆறே ஆண்டுகள்.

அன்றுமுதல் சுந்தராம்பாள் வெள்ளைப் புடைவையும் திருநீறுமாய் ஆனார். மேடையை விட்டு விலகியிருந்தார். பின்னர்ப் பலரும் வேண்டிக்கொண்டதால் திரும்பி வந்தபோது ஓர் உறுதியோடு வந்தார்: எந்த ஆண் நடிகருடனும் இணையாக நடிப்பதில்லை. அதற்குப்பின் ஏறத்தாழ 47 ஆண்டுகள் வாழ்ந்தார். அவ்வுறுதி ஒருநாளும் தளரவில்லை. கைம்மை நோன்பைப் பெருமைப்படுத்துவதற்காக இதை இங்கே சொல்லவில்லை. அக்காலச் சமூகம் இளம் விதவையர்மேல் ஏற்றிய சுமையை முதியோர் கண்ணாரக் கண்டவர்கள். அம்மையாரின் செயலில் வேறொன்று இருந்தது. பாட்டை அவர் துறக்கவில்லை. குரலைத் துறக்கவில்லை. வேலன் இல்லாத மேடையில் வள்ளிக்கு இடமில்லை என்று மட்டும் தீர்மானித்துக்கொண்டார்.

அப்படியானால் அக்குரல் எங்கே போவது? முதலில் நந்தனாரிடம் போயிற்று. 1935இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் அம்மையாரே ஆண்வேடம் பூண்டு நந்தனாராக நடித்தார். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் என்ற செய்தி அந்நாளில் தமிழகத்தையே வாய்பிளக்க வைத்தது. பேசப்பட வேண்டியது ஊதியம் மட்டுமன்று. தில்லையை நோக்கி ஏங்கும் நந்தனின் வேடத்தில் காதலன் காதலி என்ற இணைக்கே இடமில்லை. இருப்பது ஏக்கம் ஒன்றே. அந்த ஏக்கம் ஆண்டவனை நோக்கியது. வள்ளியிடம் இருந்ததும் அதுதானே!

பின்னர் 1953இல் ஜெமினி நிறுவனத்தார் கொத்தமங்கலம் சுப்புவின் இயக்கத்தில் எடுத்த ஔவையார் படம் வந்தது. (ஔவையாராக நாடக மேடையில் முன்பே புகழ் பெற்றிருந்தவர் டி. கே. சண்முகம், அதனாலேயே ஔவை சண்முகம் ஆனார். ஆண் ஔவையாகவும் பெண் நந்தனாராகவும் நடித்துப் பக்தியால் ஏற்றுக்கொள்ளப்பட்ட காலம் அது.) சுந்தராம்பாள் ஔவையானதும், மக்கள் மற்றோர் ஔவையை எண்ணிப் பார்க்கவே மறந்தனர். இன்று காலண்டர் படங்களில் கோலூன்றி நிற்கும் ஔவை மூதாட்டிக்குப் பல வீடுகளில் அம்மையாரின் முகமே மனத்தில் தோன்றுகிறது.

இளம்பெண்ணாய் இருந்த ஔவை, திருமணப் பேச்சு எழுந்தபோது விநாயகப் பெருமானை வேண்டித் தன் இளமையைத் துறந்து முதுமையை வாங்கிக்கொண்டார் என்பது மரபுக் கதை. அப்படத்திலும் அக்காட்சி உண்டு. வள்ளியின் கதையிலோ அதே விநாயகர் யானையாய் வந்து அவளைத் திருமணத்தில் சேர்த்து வைக்கிறார். ஒருத்திக்கு மணக்கோலம் கொடுத்தவர், மற்றொருத்திக்கு மணமே வேண்டாத முதுமை கொடுத்தார். கேட்டவர்க்குக் கேட்டதைக் கொடுக்கும் பிள்ளையார்! சுந்தராம்பாளின் வாழ்வில் இவ்விரண்டு வரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பதினெட்டு வயதில் மேடையில் வள்ளி. நாற்பத்தைந்து வயதில் திரையில் ஔவை. இடையில் இருந்தது ஒரு மரணமும் இருபது ஆண்டுகளும்.

கொல்லிமலையை அறிந்தவர்க்கு ஔவையும் அயலார் அல்லர். மலைக்கு வடமேற்கே உள்ள தகடூர், இன்றைய தருமபுரி. ஔவைக்கு அரிய நெல்லிக்கனி ஈந்த அதியமானின் ஊர். கொல்லியை ஆண்ட வள்ளல் வல்வில் ஓரியைத் திருமுடிக்காரி கொன்றான். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லியிலும் தகடூரிலும் வெற்றி கொண்டான். ஆடிப்பெருக்கை ஒட்டி மலையில் ஓரிக்கு விழா எடுக்கும்போது இவ்வரலாற்றை நினைவுகூர்வர். குறிஞ்சி நிலத்து வள்ளியும், குறுநில மன்னர்களிடையே தூது நடந்த ஔவையும் ஒரே மலைத்தொடர்ச்சியின் நிழலில் உலவியவர்கள் என்று எண்ணிப் பார்க்க இடமுண்டு. சங்க காலத்து ஔவையும் ஆத்திசூடி அருளிய ஔவையும் வேறு வேறு என்று அறிஞர் பிரித்தாலும், மக்கள் மனத்தில் அவர்கள் ஒருவரே.

1965இல் ஏ. பி. நாகராசனின் திருவிளையாடல். கனிக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறி நின்ற பாலமுருகனை ஔவை தேற்றும் காட்சி. அம்மையாருக்கு அப்போது வயது ஐம்பத்தாறைக் கடந்திருந்தது. அந்தப் பாட்டைக் கேளாத முருகன் கோயில் தமிழகத்தில் இல்லை. அதன் உச்சியில் குரல் செல்லும் இடத்தைக் கவனித்துக் கேட்டால், அது கொட்டகையின் கடைசி வரிசைக்காக வளர்ந்த குரல் என்பது விளங்கும். ஒலிவாங்கி எதிரே இருக்கிறது. ஆனாலும் அம்மையார் அதற்காகப் பாடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் வேலன் நின்ற திசையை நோக்கி எறிந்த அதே சுருதியில், இப்போது குழந்தை வேலனை நோக்கிப் பாடுகிறார். அன்று முருகன் அவளைத் தேடி மலையேறினான். இன்று அவனைத் தேடி இவர் மலையேறுகிறார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1967இல், அதே இயக்குநரின் கந்தன் கருணை. முருகனின் வரலாறு முழுவதும் கூறும் படமாதலால் தினைப்புனமும் வருகிறது, வள்ளியும் வருகிறாள், கிழவனும் யானையும் வருகின்றனர். முருகனாக நடித்தவர் சிவகுமார். வள்ளியாக நடித்தவர் ஜெயலலிதா. அப்படத்தில் சுந்தராம்பாள் ஔவையார். ஒரு காலத்தில் தமிழகமும் ஈழமும் 'வள்ளி' என்று அழைத்த பெண், வெள்ளாடையும் கோலுமாய் அதே கதைக்குள் வேறு வாசல் வழியாக நுழைகிறார். 1969இல் துணைவன் என்னும் மற்றொரு முருகன் படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அம்மையாருக்குக் கிடைத்தது. மறு ஆண்டு பத்மஸ்ரீ. 1980இல் அம்மையார் மறைந்தார். இறுதிவரை அவர் பெயரைச் சொன்னவர்கள் கிட்டப்பாவின் பெயரையும் சேர்த்தே சொன்னார்கள்.

கிட்டப்பா உயிரோடிருந்து, இருவரும் முதுமைவரை ஒரே மேடையில் பாடியிருந்தால் ஔவை கிடைத்திருப்பாரா என்று சிலர் கேட்பதுண்டு. அது கேட்கத் தகாத கேள்வி. ஓர் இழப்பை வேறொரு பேற்றின் விலையாக எழுதிக் கணக்கை நேர் செய்யும் உரிமை எவருக்கும் இல்லை. அம்மையாரிடம் யாரேனும் அப்படிக் கேட்டிருந்தால், வள்ளியாகவே இருந்திருப்பேன் என்று அவர் சொல்லியிருக்கவும் கூடும்.

வள்ளியின் கதை கொங்கு நாட்டில் மேடையோடு நிற்பதில்லை. ஊர்ப் பொதுவெளியில் ஆசிரியர் பாட, ஆடவரும் பெண்டிரும் வட்டமாய் நின்று அடியெடுத்து வைக்கும் வள்ளி கும்மி, அண்மை ஆண்டுகளில் மீண்டும் தழைத்திருக்கிறது. இளந்தலைமுறையினர் நூற்றுக்கணக்கில் சேர்ந்து ஆடுகின்றனர். வள்ளி ஒயில் கும்மியைப் பல்லாண்டு கற்பித்த கோவைப் பகுதி மூத்த ஆசான் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. வேலன் விருத்தனாய் வந்து தினைமாவு கேட்கும் கட்டத்தில் வட்டத்துக்கு வெளியே நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் முதியவர்களிடமிருந்துதான் முதலில் சிரிப்பு எழுகிறது. அடுத்த அடி அவர்களுக்கு முன்பே தெரியும். கணவன் மெதுவாக ஓர் அடியை முணுமுணுக்க, பதில் அடியை மனைவி எடுத்துக்கொடுக்கிறாள். தனியாக வந்திருப்பவர்கள் இரண்டு அடிகளையும் தாமே சொல்லிக்கொள்கின்றனர்.